போகும்போது நடை, திரும்பும்போது படம்: புதிதாகத் தொடங்கும் சேலத்துக்காரர்களுக்கு

காலை நடைக்குக் கிளம்புகிற பலர் இரண்டு வாரத்தில் அலுத்துப்போய் நிறுத்திவிடுகிறார்கள். படம் எடுக்கக் கிளம்புகிறவர்களின் சிக்கல் வேறு. பத்தடிக்கு ஒருமுறை நின்றால் உடம்பு சூடாகவே ஆகாது. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யப் பார்க்காமல், போகும்போது நடை மட்டும், திரும்பும்போது படம் மட்டும் என்று பிரித்துக்கொண்டால் இரண்டும் உருப்படும்.

எதை எடுத்துக்கொள்வது

கையில் இருக்கும் போனே போதும். ஏற்கெனவே டிஎஸ்எல்ஆர் (லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா) வைத்திருப்பவர்கள் அதோடு வந்த 18-55 லென்ஸை மாட்டிக்கொள்ளலாம். சேர்த்து முக்கால் கிலோவுக்குள் அடங்கும். வாரைக் கழுத்தில் தொங்கவிடாமல் தோளுக்குக் குறுக்காகப் போடுங்கள், இல்லையென்றால் நடக்க நடக்க நெஞ்சில் இடித்துக்கொண்டே வரும். வழுக்காத ஷூ, தண்ணீர், லென்ஸ் துடைக்க மெல்லிய துணி. அவ்வளவுதான்.

எங்கே, எத்தனை மணிக்கு

பழகுவதற்கு என் தேர்வு கன்னங்குறிச்சி மூக்கனேரி. தன்னார்வலர்கள் தூர்வாரி, ஏரிக்குள்ளேயே மண் திட்டுகள் அமைத்து மரம் வளர்த்த இடம். கொக்கும் நீர்க்காகமும் தாராளமாகக் கிடைக்கும், பின்னணிக்குச் சேர்வராயன் மலை இருக்கிறது.

சேலத்தில் மே, ஜூன் மாதங்களில் ஆறு மணிக்குச் சற்று முன்பே சூரியன் வந்துவிடும். ஜனவரியில் ஆறரையைத் தாண்டும். உதயத்துக்கு அரை மணி நேரம் முன்பு நடக்கத் தொடங்குங்கள். போன் பையிலேயே இருக்கட்டும். பேச முடியும், ஆனால் பாட முடியாது என்கிற அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும். பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது இப்படிப்பட்ட மிதமான உழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐந்து நாள் இந்த அரை மணி நேரம் நடந்தாலே கணக்கு சரியாகிவிடும். படம் எடுத்துக்கொண்டு திரும்பும் பாதியைத் தயவுசெய்து இதில் சேர்க்காதீர்கள்!

வெளிச்சம் வந்ததும் திரும்புங்கள். அப்போது வெயில் சாய்வாகவும் மென்மையாகவும் இருக்கும், நிழல் நீளமாக விழும். எட்டரை மணிக்கு மேல் நம்ம ஊர் வெயிலில் எல்லாம் வெளுத்துத்தான் தெரியும்.

படம் எடுக்கும் முறை

முதலில் லென்ஸைத் துடையுங்கள். போன் படங்கள் மங்கலாக வருவதற்குப் பல நேரம் காரணம் விரல் ரேகைதான். செட்டிங்ஸில் கட்டக் கோடுகளைப் போட்டுக்கொண்டால் ஏரியின் கரை சாயாது. அப்புறம், எது தெளிவாக வர வேண்டுமோ அதைத் திரையில் தொட்டு, விரலை எடுக்காமல் சற்று அழுத்திப் பிடியுங்கள். பெரும்பாலான போன்களில் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியை மேலும் கீழும் இழுத்து வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கலாம்.

சூரியன் உங்கள் முன்னால் இருந்தால் திட்டு மரங்கள் கறுப்பு உருவங்களாக வரும். முதுகுப் பக்கம் இருந்தால் இறகின் நிறம் தெரியும். இரண்டுமே அழகுதான், எது வேண்டும் என்று முடிவுசெய்து நில்லுங்கள். விரலால் விரித்துப் பெரிதாக்காதீர்கள், நாலடி நடந்து கிட்டே போங்கள்.

வேகமாக நடந்துவந்த கை ஆடும். முழங்கைகளை விலாவோடு ஒட்டி, மூச்சை மெதுவாக விடும்போது பொத்தானை அழுத்துங்கள். கேமராவில் எடுப்பவர்கள் ஷட்டர் வேகத்தை 1/250 நொடிக்குக் கீழே இறக்க வேண்டாம். பறக்கும் கொக்குக்கு 1/1000 வேண்டும்.

கரையில் வலையோடு இருப்பவரையோ வ.உ.சி. மார்க்கெட்டில் பூக் கட்டும் அக்காவையோ எடுக்க ஆசையாக இருந்தால், "அக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுங்களா?" என்று கேட்டுவிட்டு எடுங்கள். எடுத்ததைக் காட்டவும் செய்யுங்கள்.

மலைக்குப் போகலாம்

கால் பழகியதும் ஏற்காடு. சேலம் கிட்டத்தட்ட 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டரில். மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளை நடந்து ஏறும் வீராப்பு வேண்டாம். வண்டிகள் அதிகம், ஒதுங்க இடம் குறைவு. பஸ்ஸில் ஏறி, ஏற்காடு ஏரியிலிருந்து லேடீஸ் சீட் காட்சி முனை வரை நடங்கள். மலையில் மட்டும் என் விதியைத் தளர்த்திக்கொள்ளலாம், ஏனென்றால் நீங்கள் திரும்பி வரும்வரை பனிமூட்டம் காத்திருக்காது.

அந்தப் பனிமூட்டம்தான் புதியவர்களை ஏமாற்றும். கேமரா எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். அதனால் வெள்ளைப் பனி அழுக்குச் சாம்பலாக விழும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் விழும் வெளிச்சத்தை, ஒரு ஸ்டெப் (இரு மடங்கு) கூட்டுங்கள், வெண்மை திரும்பிவிடும். காபிப் பூவுக்கு நேர்மாறு. கோடை மழை பெய்த ஒரு வாரம், பத்து நாளில் எஸ்டேட் முழுக்க மல்லிகை மாதிரி பூத்து, சில நாளில் உதிர்ந்துவிடும். சின்ன வெள்ளைப் பூவைச் சுற்றிக் கரும்பச்சை இலைகள் நிறைந்திருப்பதால் கேமரா அந்த இருட்டைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். இதழ் வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். இங்கே முக்கால் ஸ்டெப் குறைக்க வேண்டும். இந்த இரண்டையும் எடுத்துப் பார்த்தவருக்கு எக்ஸ்போஷர் பற்றி வேறு பாடமே தேவையில்லை என்பேன். எஸ்டேட்டுக்குள் கேட்காமல் நுழையாதீர்கள், சாலையோரச் செடிகளே போதும்.

கிளியூர் அருவிக்கு இறங்கும் வழி செங்குத்து, மழை நாளில் பாசி வழுக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் விட்டுவிடலாம். காட்டெருமை கண்ணில் பட்டால் கிட்டே போகாமல் விலகிவிடுங்கள். குரங்குக்குத் தீனி காட்டிப் படம் எடுப்பது படமே இல்லை.

குளிர்ந்த கேமராவோடு கீழே இறங்கியதும் உடனே வெளியே எடுத்தால் லென்ஸில் நீர் கோத்துக்கொள்ளும். கால் மணி நேரம் பையிலேயே விட்டுவிடுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

அன்று மாலையே உட்கார்ந்து ஐந்து படங்களை மட்டும் தனி ஃபோல்டரில் வைத்து, மற்றதை அழித்துவிடுங்கள். சில மாதம் கழித்து அந்த ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். பறவைகளே அதிகம், எல்லாம் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது என்றால் தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுத்துக் காட்டும் 70-300 லென்ஸ் பற்றி யோசிக்கலாம், அந்தக் கூடுதல் எடையையும் தினமும் சுமக்கத் தயார் என்றால். மலையும் ஏரியும் மனிதர்களும்தான் என்றால் இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டியதில்லை.