திக்கிப் பேசுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள், கூட இருப்பவர்களும்தான்

"மெதுவாப் பேசு", "பதறாதே", "மூச்சை இழுத்து விட்டுட்டுச் சொல்லு". திக்கிப் பேசுகிற யாரும் இந்த மூன்றையும் கேட்காமல் வளர்ந்திருக்க முடியாது. சொல்பவர்கள் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் திக்காமல் பேசினால் வெற்றி, திக்கினால் தோல்வி என்ற எண்ணம் இதன் அடியில் இருக்கிறது. திக்கல் தரும் தொல்லையைவிட அதை மறைக்கப் படும் பாடு பெரிதாகிப் போவது இந்த எண்ணத்தால்தான்.

காரணத்தைத் தவறாகப் புரிந்துகொள்வது முதல் பிசகு. பயந்த சுபாவம், யாரையோ பார்த்துப் பழகியது, அப்பா அடித்தது என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். திக்கல் பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள், குழந்தை சொற்களைக் கோத்து வாக்கியமாகப் பேசத் தொடங்கும்போது வருகிறது. உதடு, நாக்கு, குரல்வளை, மூச்சு எல்லாவற்றையும் சரியான நொடியில் சேர்த்து இயக்கும் மூளையின் வேலையில் இருக்கிற வேறுபாடு அது. குடும்ப வழியாக வருவதும் உண்டு. 2010இல் மூன்று மரபணுக்களில் உள்ள மாற்றங்களைத் திக்கலோடு ஆய்வாளர்கள் தொடர்புபடுத்தினார்கள். பதற்றம் திக்கலைக் கூட்டும், உண்மைதான். ஆனால் பதற்றத்தால் மட்டும் திக்கல் பிறப்பதில்லை. நாக்கில் கோளாறு என்று நினைப்பதும் பழைய தவறு. டீஃபன்பாக் என்ற ஜெர்மன் அறுவை மருத்துவர் 1841இல் நாக்கை வெட்டியே இதைத் தீர்க்கப் பார்த்தார். நோயாளிகளுக்கு மிஞ்சியது வேதனைதான்.

"வளர்ந்தா தானா சரியாயிடும்" என்பது பாதி உண்மை. குழந்தைகளில் ஏறத்தாழ 5 சதவீதம் பேர் ஏதோ ஒரு கட்டத்தில் திக்குகிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு அது நின்றுவிடுகிறது. பெரியவர்களில் 1 சதவீதம் பேர் அளவில்தான் மிஞ்சுகிறார்கள். சிக்கல் என்னவென்றால், உங்கள் பிள்ளை எந்தப் பக்கம் என்று பார்த்த மாத்திரத்தில் யாராலும் சொல்ல முடியாது. வீட்டில் வேறு யாருக்காவது திக்கல் தொடர்ந்திருந்தால், தொடங்கி ஆறு மாதம் தாண்டியும் குறையாமல் இருந்தால், பேசும்போது முகம் இறுகினால், பேச வந்ததைப் பாதியில் விட்டுவிட்டுப் பிள்ளை நகர்ந்தால், காத்திருக்க வேண்டாம். பேச்சுப் பயிற்சி நிபுணரிடம் காட்டிவிடுங்கள். பள்ளிக்குப் போகும் வயதுக்கு முன்பு சிகிச்சை பலன் தரும் வாய்ப்பு அதிகம். ஆஸ்திரேலியாவில் உருவான லிட்கம் முறை இந்த வயதினருக்கானது. பெற்றோர் நிபுணரிடம் கற்றுக்கொண்டு, வீட்டில் தினமும் கொஞ்ச நேரம், திக்காமல் வந்த பேச்சை இயல்பாகப் பாராட்டுவார்கள். நிபுணர் வாராவாரம் பார்த்துச் சரிசெய்வார். நிபுணர் துணையில்லாமல் நாமாகவே செய்து பார்க்கிற காரியம் இல்லை இது.

பிள்ளையின் முன்னால் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்று சில வீடுகளில் ஒரு கட்டுப்பாடு இருக்கும். வென்டல் ஜான்சன் என்ற அமெரிக்க அறிஞர், பெரியவர்கள் 'இது திக்கல்' என்று முத்திரை குத்துவதால்தான் திக்கல் நிலைக்கிறது என்று நம்பினார். அந்தக் கருத்து இன்று ஏற்கப்படுவதில்லை. அது பழக்கிவிட்ட மௌனம் மட்டும் பல இடங்களில் தங்கிவிட்டது. பிள்ளைக்குத் தன் வார்த்தை மாட்டிக்கொள்வது நன்றாகவே தெரியும். யாரும் அதைப் பேசாவிட்டால், பேசக் கூடாத அளவுக்கு ஏதோ கெட்டது என்றுதான் எடுத்துக்கொள்ளும். "அந்த வார்த்தை கொஞ்சம் மாட்டிக்கிச்சு இல்ல? பரவாயில்லை, நான் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றால் போதும்.

திக்கிப் பேசும் பெரியவர்கள் செய்வதிலேயே மிக அதிகச் சேதம் தருவது தவிர்த்தல். வெளியிலிருந்து பார்த்தால் இது தெரியவே தெரியாது. 'ப' வராது என்று தோன்றினால் அந்தச் சொல்லைக் கைவிட்டு வேறு சொல்லைத் தேடுவது, கேட்க வந்த கேள்வியைக் கேட்காமலே கூட்டத்திலிருந்து எழுந்துவருவது, தொலைபேசியில் முடிக்க வேண்டியதைக் குறுஞ்செய்தியில் முடிப்பது. இதில் கைதேர்ந்த சிலருக்குத் திக்கல் இருப்பது நெருங்கிய நண்பர்களுக்குக்கூடத் தெரியாது. ஆனால் சொந்தப் பெயருக்கு மாற்றுச் சொல் கிடையாதே. அறிமுக வட்டத்தில் தன் முறை நெருங்க நெருங்க, மற்றவர்கள் சொல்வது எதுவும் காதில் விழாமல், பெயரின் முதல் எழுத்தை மட்டும் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருப்பார்கள். வேறு பெயரைச் சொல்லித் தப்பித்தவர்களும் உண்டு. ஜோசப் ஷீஹன் என்ற உளவியலாளர் திக்கலைப் பனிப்பாறை என்றார்: காதில் விழும் திக்கல் மேலே தெரிகிற சிறு பகுதி; வெட்கமும் பயமும் தவிர்ப்பும் நீருக்கடியில். ஒவ்வொரு முறை தப்பிக்கும்போதும் அந்த நிமிடம் நிம்மதி, அடுத்த முறை அதே சொல்லின் மேல் இன்னும் கொஞ்சம் பயம். அடிப்பகுதி வளர்வது இப்படித்தான்.

தந்திரங்களும் இதே ரகம். தொடையில் தட்டியோ கண்ணைச் சிமிட்டியோ சொல்லை வெளியே தள்ளுவது, ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்னும் "அதாவது" போடுவது. புதிதாக இருக்கும்வரை வேலை செய்யும். பழகியதும் பலன் போய்விடும், பழக்கம் மட்டும் ஒட்டிக்கொள்ளும். கடைசியில் திக்கலும் இருக்கும், தட்டலும் இருக்கும்.

இன்னொன்று, மாட்டிய சொல்லை முட்டித் தள்ளுவது. பிரபாகரன் என்று சொல்ல வேண்டும். உதடுகள் ஒட்டிக்கொள்கின்றன, உள்ளே காற்று சேர்கிறது, குரல் வரவில்லை. உடனே தாடையும் கழுத்தும் சேர்ந்து அழுத்துகின்றன. அழுத்த அழுத்த உதடு இன்னும் இறுகும். சார்லஸ் வான் ரைப்பர் என்ற அமெரிக்கப் பேச்சுப் பயிற்சி நிபுணர் வகுத்த பயிற்சி இங்கே நேர் எதிராகப் போகிறது. முதல் கட்டத்தில், திக்கி முடித்த சொல்லுக்குப் பின் சற்று நிறுத்தி, இறுக்கம் எங்கே இருந்தது என்று கவனித்து, அதே சொல்லைத் தளர்வாக மறுபடி சொல்வார்கள். அது கைவந்த பின், திக்கலின் நடுவிலேயே உதட்டைத் தளர்த்தி மெல்ல வெளியே வருவார்கள். கடைசியாக, சொல்லத் தொடங்கும் முன்பே உதட்டை லேசாக வைத்துக்கொள்வார்கள். பலர் மூன்றாவதை முதல் வாரத்திலேயே பிடிக்கப் பார்த்து வெறுத்துப்போகிறார்கள். வரிசை முக்கியம்.

உயிரெழுத்துகளை நீட்டி, குரலை மென்மையாகத் தொடங்கிப் பேசும் சரளப் பயிற்சி இன்னொரு வழி. சிகிச்சை அறைக்குள் இது சீக்கிரமே பலன் காட்டும். அதோடு நிறுத்திவிட்டு, வெளியே அறிமுகமில்லாதவர்களிடமும் தொலைபேசியிலும் படிப்படியாகப் பழகாமல் விட்டால் சில வாரங்களில் பழையபடி ஆகிவிடும். "பத்தே நாளில் நூறு சதவீதம் குணம்" என்ற விளம்பரங்கள் பிழைப்பதும் இந்த இடைவெளியில்தான். சேர்ந்து படித்தாலும், பாடினாலும், குரலை மாற்றிப் பேசினாலும் அந்த நேரம் பெரும்பாலோர் திக்குவதில்லை. அதைக் காட்டி நம்ப வைப்பது எளிது. மாத்திரை விஷயத்திலும் கவனம் வேண்டும். திக்கலுக்கென்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இதுவரை எந்த மருந்தையும் அங்கீகரிக்கவில்லை.

நல்ல நாள், மோசமான நாள் என்று மாறி மாறி வருவது திக்கலின் இயல்பு. ஒரு மோசமான வாரத்தைப் பார்த்துவிட்டு, பயிற்சியெல்லாம் வீண் என்று முடிவுகட்டாதீர்கள். எத்தனை முறை திக்கினேன் என்ற கணக்கைவிட, சொல்ல நினைத்ததைச் சொன்னேனா என்ற கணக்கு பயனுள்ளது. "எனக்குத் திக்கும், கொஞ்சம் நேரம் எடுத்துச் சொல்றேன்" என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடலாம். மன்னிப்புக் கேட்கும் தொனி வேண்டாம். மறைக்கும் சுமை இறங்கியதும் இறுக்கம் குறைவதைப் பலர் உணர்கிறார்கள்.

கேட்பவர்களுக்கு வேலை குறைவு. வாக்கியத்தை நீங்கள் முடித்துவைக்காதீர்கள், சரியான சொல் உங்களுக்குத் தெரிந்தாலும். வழக்கமாகப் பார்ப்பதுபோல் முகத்தைப் பாருங்கள். தொலைபேசியில் மறுமுனை அமைதியாக இருந்தால் உடனே வைத்துவிடாதீர்கள்.

இதுவரை திக்காத பெரியவருக்குத் திடீரென்று திக்கல் தொடங்கினால் கதை வேறு. பக்கவாதமாகவோ வேறு மூளைப் பாதிப்பாகவோ இருக்கலாம், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நிபுணரைத் தேர்ந்தெடுக்கும்போது முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்: திக்கலுக்கென்று எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார், பயத்துக்கும் தவிர்ப்புக்கும் என்ன செய்வார், அறைக்கு வெளியே பயிற்சி உண்டா, பயிற்சி முடிந்த பிறகும் தொடர்பில் இருப்பாரா. முழுக் குணம் நிச்சயம் என்று முதல் நாளே உறுதி கொடுத்தால் வேறு ஒருவரைப் பாருங்கள்.