ஹம்மஸ்: தொட்டுக்கொள்ளும் பண்டம் என்று நினைப்பதால் வரும் தவறுகள்

அபுதாபியில் வேலை பார்த்த மூன்று வருஷமும் என்னோடு அறையில் தங்கியிருந்தவர் பாலஸ்தீனத்தின் நாப்லஸ் ஊர்க்காரர். என்னைவிட இருபது வயது மூத்தவர். நான் போன புதிதில், ஒரு வெள்ளிக்கிழமை காலை, கடையில் வாங்கிய ஹம்மஸ் (கொண்டைக்கடலை மசியல்) டப்பாவை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துவைத்து, கேரட் துண்டுகளைத் தொட்டுத் தின்றுகொண்டிருந்தேன். பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வியாழன் இரவு கொண்டைக்கடலையை ஊறப்போட்டார். மறுநாள் காலை அகலமான தட்டில் வெதுவெதுப்பான மசியலைப் பரப்பி, நடுவில் குழி செய்து, அதில் ஆவி பறக்கும் முழுக்கடலையும் ஆலிவ் எண்ணெயும் ஊற்றி, பக்கத்தில் ரொட்டியும் நான்காக நறுக்கிய வெங்காயமும் வைத்து என்னைக் கூப்பிட்டார். ஆறு இட்லி சாப்பிட்டதுபோல வயிறு நிறைந்தது. மதியம்வரை பசிக்கவில்லை.

நம்மிடையே ஹம்மஸை அறிமுகப்படுத்துகிறவர்கள் பலர் அதை ‘அரேபியச் சட்னி’ என்றே சொல்கிறார்கள். மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன. சட்னி என்று நினைத்துவிட்டால் அவசரமாக அரைப்போம், ஒரு கரண்டி வைப்போம், ஆறிப்போனாலும் கவலைப்பட மாட்டோம். அது பிறந்த மண்ணில், அதாவது ஜெருசலேம், யாஃபா, டமாஸ்கஸ், அம்மான், பெய்ரூட் இருக்கும் ஷாம் பகுதியில், அது காலைச் சாப்பாடு. தட்டுதான் உணவு, ரொட்டி அதை எடுக்கும் கை. யாஃபாவில் பெயர்பெற்ற அபு ஹசன் கடை காலையிலேயே திறந்து, அன்றைக்கு ஆக்கியது தீர்ந்ததும் மூடிவிடும். மிச்சத்தை நாளைக்கு எடுத்துவைக்கும் வழக்கமே கிடையாது.

பெயரைப் பாதியாகப் படிப்பது

அரபியில் ‘ஹும்முஸ்’ என்றாலே கொண்டைக்கடலை. இந்த உணவின் முழுப்பெயர் ‘ஹும்முஸ் பி தஹீனா’, எள் விழுது சேர்ந்த கடலை. ஆகவே கடலையே இல்லாமல் பீட்ரூட்டையோ அவகாடோவையோ அரைத்து ஹம்மஸ் என்று விற்பது, பருப்பில்லாமல் பருப்புசாதம் செய்வதற்குச் சமம். சுவையாக இருக்கலாம். அதற்கு வேறு பெயர் வைக்கலாம்.

பெயரின் இரண்டாம் பாதியைத்தான் நாம் இன்னும் மோசமாகக் கைவிடுகிறோம். பல குறிப்புகளில் ஒரு கப் கடலைக்கு அந்த எள் விழுது, அதாவது தஹினி, இரண்டு டீஸ்பூன். சிலவற்றில் அதற்குப் பதில் நல்லெண்ணெய், அல்லது வேர்க்கடலை வெண்ணெய். ஜெருசலேம் பக்கத்துச் செய்முறைகள் சிலவற்றில் 250 கிராம் உலர்ந்த கடலை என்றால் தஹினியும் கிட்டத்தட்ட அதே எடை. அந்தப் பளபளப்பும், நாக்கில் கரையும் கனமும் எள்ளிலிருந்து வருபவை. எள் குறைந்தால் கையில் இருப்பது மசித்த சுண்டல்தான். நல்லெண்ணெய் ஈடாகாது. அது எள்ளின் எண்ணெய் மட்டுமே. தஹினியில் எள் முழுதாக, சக்கையோடு இருக்கிறது.

வீட்டில் செய்வதானால் தோல் நீக்கிய வெள்ளை எள் வாங்குங்கள். எள்ளுப்பொடிக்கு வறுப்பதுபோல் பொரியப் பொரிய வறுத்தால் கசக்கும். இளஞ்சூட்டில் வாசம் வந்ததும் இறக்கி, மிக்ஸியின் சின்ன ஜாரில் விட்டுவிட்டு ஓட்டினால் எள்ளே எண்ணெய் விடும். மணமில்லாத எண்ணெய் ஒன்றிரண்டு கரண்டி சேர்க்கலாம். நாப்லஸ்காரர்கள் தங்கள் ஊர்த் தஹினியைப் பற்றிப் பேசினால், நம் ஆட்கள் கும்பகோணம் டிகிரி காபியைப் பற்றிப் பேசுவதுபோல் இருக்கும். காஸாவில் எள்ளை இன்னும் ஆழமாக வறுத்து அரைக்கும் சிவப்புத் தஹினி உண்டு. அது வேறு சமையலுக்கு.

தஹினியில் எலுமிச்சைச் சாறு விட்டதும் அது இறுகி, திரிந்ததுபோலக் கட்டிப்படும். பயந்துபோய்க் கொட்டிவிடுகிறார்கள். என் முதல் இரண்டு முயற்சியும் குப்பைக்குத்தான் போயின. தஹினி என்பது எண்ணெயில் மிதக்கும் எள் துகள்கள். கொஞ்சமாகத் தண்ணீர் படும்போது துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இன்னும் குளிர்ந்த தண்ணீரைச் சிறிது சிறிதாக விட்டு அடித்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் சட்டென்று இளகி, வெளுத்து, தோசை மாவு பதத்துக்கு வந்துவிடும். பூண்டை நசுக்கி எலுமிச்சைச் சாற்றில் பத்து நிமிடம் போட்டுவைத்துப் பிறகு சேர்ப்பது நல்லது. புளிப்பு பூண்டின் காரத்தை அடக்கிவிடும்.

வேகாத கடலை

சென்னையில் என் வீட்டில் போர்வெல் தண்ணீர். கடலை எட்டு விசிலுக்கும் மசியாது. ‘உன் பருப்பு இங்கே வேகாது’ என்ற பேச்சு எங்கிருந்து வந்திருக்கும் என்று எனக்கு அப்போது தோன்றியது. கடினத் தண்ணீரில் இருக்கும் கால்சியம் கடலையின் செல்களை ஒட்டிவைக்கும் பெக்டினை இறுக்கிவிடுகிறது. சமையல் சோடா நேர்மாறாக அந்தப் பெக்டினைக் கரைக்கிறது. கால் கிலோ கடலைக்கு ஊறும்போது ஒரு டீஸ்பூன் சோடா, அந்தத் தண்ணீரைக் கொட்டி அலசியபின் வேகும்போது அரை டீஸ்பூன். முடிந்தால் கேன் தண்ணீரில் வேகவையுங்கள். சூடும் ஈரமும் உள்ள இடத்தில் மாதக்கணக்கில் கிடந்த பழைய கடலை மட்டும் எதற்கும் மசியாது, அதைக் குழம்புக்கு வைத்துக்கொள்ளலாம்.

எலுமிச்சையை வேகும்போதே பிழிவது இன்னொரு பிழை. புளி விட்டபின் பருப்பு வேகாது என்று சாம்பார் வைக்கும் யாருக்கும் தெரியும். காரணம் ஒன்றேதான், புளிப்பு பெக்டினைக் கரையவிடாது.

எவ்வளவு வேகவேண்டும்? சுண்டலுக்கு வேகவைக்கும் பதம் போதாது. சுண்டலில் கடலை முழுதாக நிற்கவேண்டும், ஹம்மஸுக்கு இரண்டு விரலுக்கு நடுவில் வைத்தால் தடையே இல்லாமல் நசுங்கவேண்டும். தோல் தானாகக் கழன்று மிதக்கும், அதை அரித்து எடுத்துவிடலாம். ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. சூடு இருக்கும்போதே கடலையை மட்டும் முதலில் வெண்ணெய்போல அரைத்து, பிறகு தஹினி, எலுமிச்சை, பூண்டு, உப்பு சேருங்கள். ஆலிவ் எண்ணெயை மிக்ஸிக்குள் ஊற்றாதீர்கள். அது மேலே நிற்கவேண்டியது, உள்ளே அரைபட்டால் கசப்பு தட்டும்.

ஃபலாஃபல் என்ற கடலை வடையில் தவறு தலைகீழ். வெந்த கடலையை அரைத்து உருட்டி எண்ணெயில் போட்டால் பிரிந்து கரைந்துபோகும். மசால்வடைக்கு நாம் பருப்பை வேகவைத்தா அரைக்கிறோம்? ஊறிய பச்சைக்கடலையைக் கரகரப்பாக அரைப்பதுதான் அங்கேயும் முறை. எகிப்தில் இதன் பெயர் தஅமிய்யா, கொண்டைக்கடலைக்குப் பதில் ஃபாவா பயறு. எகிப்துக்காரரிடம் ‘ஃபலாஃபல் என்றால் கொண்டைக்கடலைதானே’ என்று கேட்டால் நீண்ட பதில் கிடைக்கும்.

ஒரே கொடியை நடுவது

ஹம்மஸ் எந்த நாட்டுடையது என்ற கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்கிறவர்களை நம்பவேண்டாம். 2008இல் லெபனான் தொழிலதிபர்கள் சங்கம் இந்தப் பெயர் தங்கள் நாட்டுக்கே உரியது என்று ஐரோப்பிய அளவில் உரிமை கோரும் முயற்சியைத் தொடங்கியது. ஃபெட்டா என்ற பெயரைக் கிரேக்கப் பாலாடைக்கட்டிக்கு மட்டும் ஐரோப்பிய ஒன்றியம் ஒதுக்கியதுதான் அவர்களுக்கு முன்மாதிரி. பிறகு போட்டி தட்டின் அளவுக்கு நகர்ந்தது. 2009இல் லெபனானில் 2 டன்னுக்கு மேல் ஹம்மஸ் செய்து கின்னஸ் சாதனை. 2010 ஜனவரியில் இஸ்ரேலுக்குள் ஜெருசலேம் அருகிலுள்ள அபு கோஷ் என்ற அரபுக் கிராமத்தில் ஒரு சாட்டிலைட் டிஷ்ஷில் 4 டன். அதே ஆண்டு மே மாதம் லெபனான் 10,452 கிலோ செய்து திருப்பிப் பிடித்தது. அந்த எண் தற்செயல் இல்லை, லெபனானின் பரப்பளவு 10,452 சதுர கிலோமீட்டர்.

படிக்கச் சுவையான செய்திதான். ஆனால் இதை ‘இரு நாடுகளின் செல்லச் சண்டை’ என்று மட்டும் சொல்லி முடித்தால் பாலஸ்தீனியர்கள் காணாமல் போய்விடுகிறார்கள். இன்று உலகின் பல கடைகளில் ஹம்மஸ் ‘இஸ்ரேலிய உணவு’ என்ற அட்டையோடு நிற்கிறது. என் அறைத்தோழர் அந்த அட்டையைக் கடையில் பார்க்கும்போதெல்லாம் டப்பாவைத் திருப்பி வைப்பார். மண் போனபின் கையில் மிஞ்சியவற்றில் ஒன்று சாப்பாடு, அதன் பெயர்ச்சீட்டும் போவது அவருக்குத் தாங்கவில்லை. அதே சமயம், இஸ்ரேலுக்குக் குடியேறிய யூதர்களிலும் சிரியாவிலிருந்தும் லெபனானிலிருந்தும் வந்த குடும்பங்கள் இதைத் தலைமுறைகளாகச் சாப்பிட்டவர்கள். ‘ஷாம் பகுதி அரபுகளின் உணவு, அந்தப் பகுதியில் வாழ்ந்த எல்லாச் சமயத்தாரும் உண்டது’ என்று எழுதுவதுதான் எனக்கு நேர்மையாகப் படுகிறது.

சிலுவைப்போர்க் காலத்துச் சலாஹுத்தீன் மன்னர்தான் ஹம்மஸை முதலில் செய்தார் என்ற கதைக்குச் சான்று ஏதும் இல்லை. 13ஆம் நூற்றாண்டில் அலெப்போவோடு தொடர்புடைய ஓர் அரபுச் சமையல் நூலில் கடலையையும் எள் விழுதையும் சேர்த்து மசிக்கும் குறிப்பு இருக்கிறது, எழுத்தில் நாம் கைவைக்கக்கூடிய பழைய தடம் அந்தக் காலத்தது. இன்னொரு வாதம் விவிலியத்தின் ரூத் புத்தகத்தைக் காட்டும். 2ஆம் அதிகாரம் 14ஆம் வசனத்தில் போவாஸ் ரூத்தைச் சாப்பிட அழைத்து, அப்பத்தை ‘ஹோமெஸ்’ஸில் தோய்த்துக்கொள்ளச் சொல்கிறார். ஒலியை வைத்து அது ஹம்மஸ் என்கிறார்கள் சிலர். எபிரேயத்தில் அந்தச் சொல்லுக்குப் புளித்த காடி என்றே பொருள் கொள்வது வழக்கம். தமிழ் வேதாகமமும் ‘காடி’ என்றுதான் மொழிபெயர்த்திருக்கிறது.

கடலைக் கதைகளில் என்னை நிறுத்திவைப்பது சிசிலியுடையது. 1282 மார்ச் 30, ஈஸ்டர் திங்கள் மாலை, பலேர்மோவில் பிரெஞ்சு ஆட்சிக்கு எதிராக மக்கள் எழுந்தார்கள். யார் பிரெஞ்சுக்காரர் என்று கண்டுபிடிக்க, கையில் கொண்டைக்கடலையைக் காட்டி, அதன் சிசிலியப் பெயரான ‘சிச்சிரி’யைச் சொல்லச் சொன்னார்களாம், நாக்கு தடுமாறியவர்களைக் கொன்றார்களாம். இது வாய்வழி வந்த கதை, வரலாறாக உறுதிப்படவில்லை. சமையல் கட்டுரைகளில் இதை வேடிக்கைத் துணுக்காகப் போடுகிறார்கள். 1983 ஜூலையில் இலங்கையில் பேருந்துகளை மறித்து, வாளியைக் குறிக்கும் ‘பால்திய’ என்ற சிங்களச் சொல்லை உச்சரிக்கச் சொல்லித் தமிழர்களை அடையாளம் கண்டார்கள். அதை அறிந்தவர்களால் சிச்சிரிக் கதையைச் சிரித்துக்கொண்டு சொல்ல முடியாது.

எல்லாவற்றையும் ஹம்மஸாகப் பார்ப்பது

மத்தியதரைக் கடலைச் சுற்றிக் கடலை வேறுவேறாக வாழ்கிறது. கிரேக்கத்தின் சிஃப்னோஸ் தீவில் சனி இரவு கடலையும் வெங்காயமும் ஆலிவ் எண்ணெயும் போட்ட மண்பானை விறகடுப்புக்குள் போய், ஞாயிறு பூசை முடிந்து வரும்போது எடுக்கப்படும். துனீசியாவின் லப்லாபியில் காய்ந்த ரொட்டித் துண்டுகள் மேல் கடலை ரசத்தை ஊற்றி, சீரகமும் ஹரிஸ்ஸா மிளகாய் விழுதும் முட்டையும் சேர்ப்பார்கள். துருக்கியின் தெற்கில் ஹம்மஸே சுடச்சுட, உருகிய வெண்ணெயோடு வரும். ஷாமிலேயே முஸப்பஹா என்று ஒன்று இருக்கிறது, அதில் கடலை மசியாமல் தஹினியில் நீந்தும். பெயரின் வேரும் நீந்துவது என்ற சொல்தான். வெறும் ஹம்மஸில் நின்றுவிடாமல் இதை ஒருமுறை செய்துபாருங்கள், மிக்ஸிகூட வேண்டாம்.

சாப்பிடும்போது கரண்டியைத் தள்ளிவைத்துவிட்டு, ரொட்டியைக் கிழித்து, வலது கையால் தட்டின் ஓரத்திலிருந்து வழித்தெடுக்கவேண்டும். குழியில் நிற்கும் எண்ணெயை முதலிலேயே காலிசெய்துவிடாமல் கடைசிவரை கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொள்ளவேண்டும். ரொட்டி தீர்ந்தால் வெங்காயத்தின் ஓர் இதழைப் பிரித்து அதில் அள்ளலாம். என் நாப்லஸ் அறைத்தோழர் தட்டை வைக்கும்போது ‘ஸஹ்தைன்’ என்பார், இரட்டிப்பு ஆரோக்கியம் என்று அர்த்தம். நான் பல மாதம் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தேன். ‘அலா கல்பக்’, உங்கள் இதயத்துக்கும் அது சேரட்டும் என்று பதில் சொல்லவேண்டும். முதல்முறை அதைச் சொன்ன அன்று அவர் எழுந்துபோய் எனக்கு இன்னொரு ரொட்டி சுட்டுக்கொண்டு வந்தார்.