லேபிள் அடிக்கக் குடுக்கறதுக்கு முன்னாடி: கம், பேப்பர், ரிப்பன், ரோல் எல்லாம் ஒரு ரவுண்டு

லேபிள் பிரிண்ட் பண்ணக் கேட்டா பிரஸ்காரங்க திருப்பிக் கேக்கற முதல் கேள்வியே "என்ன மெட்டீரியல்ல வேணும்?"னு தான் இருக்கும், நாம டிசைன் ஃபைலை மட்டும் வச்சுக்கிட்டு முழிப்போம். குரோமோவா பிபியா, பர்மனென்ட்டா ரிமூவபிளா, எத்தனை அப், எந்த கோர்னு அடுத்தடுத்து வந்து விழும். இதெல்லாம் பெரிய வித்தை இல்லீங்க. எந்த வரிசையில யோசிக்கறோம்ங்கறது தான் விஷயம். முக்கால்வாசி பேரு டிசைன்ல ஆரம்பிச்சு, பேப்பர் பாத்து, கடைசியா கம் பத்தி ஒரு வார்த்தை கேட்டு முடிச்சுருவாங்க. என்னைக் கேட்டா அப்படியே தலைகீழா போங்கன்னு சொல்லுவேன், எது மேல ஒட்டப் போறோம், அது எங்கெங்க போகும், எவ்ளோ நாள் இருக்கணும், இதுல ஆரம்பிங்க.

முதல்ல லேபிளோட உடம்பைப் பாத்துருவோம். மேல பிரிண்ட் ஆகற பக்கம் ஃபேஸ், அதுக்குக் கீழ கம், அதுக்கும் கீழ உரிச்சுப் போடற ரிலீஸ் பேப்பர், அதைத்தான் லைனர்னும் சொல்றாங்க. லைனர் மேல மெல்லிசா சிலிகான் பூசியிருப்பாங்க, அதனால தான் கம் அதுல பிடிச்சுக்காம கழண்டு வருது. வெட்டும்போது டைங்கற வெட்டு அச்சு ஃபேஸையும் கம்மையும் மட்டும் வெட்டி, லைனரைத் தொடாம நிக்கணும். இதுக்குப் பேரு கிஸ் கட், பல இடத்துல ஹாஃப் கட்னு சொல்லுவாங்க. வெட்டினதும் லேபிளைச் சுத்தி மிச்சமா வலை மாதிரி உரிஞ்சு வருமே, அது மேட்ரிக்ஸ். இந்த டைப் லேபிளை மொதல்ல வியாபாரமா ஆக்கினது 1935ல அமெரிக்காவுல ஸ்டான்டன் ஏவரி, இன்னிக்கு வரைக்கும் அடிப்படை அதே தான்.

இப்போ ஒட்டற இடம். ஒவ்வொரு மெட்டீரியலுக்கும் சர்ஃபேஸ் எனர்ஜின்னு ஒண்ணு இருக்கு, டைன்ங்கற யூனிட்ல சொல்லுவாங்க. கண்ணாடி, பெயின்ட் அடிக்காத மெட்டல் இதுக்கெல்லாம் அது அதிகம், கம் நல்லா பரவிப் பிடிக்கும். பாலிஎத்திலீன், பிபிங்கற பாலிபுரோப்பிலீன் ரெண்டும் சுமாரா 30 டைன் தான், கம்முக்கு அங்க பிடிமானமே கம்மி. உங்க டப்பா எந்த வகைன்னு தெரியலையா, கவுத்துப் போட்டு அடியில பாருங்க, முக்கோணத்துக்குள்ள ஒரு நம்பர் இருக்கும். 1ன்னா பெட்ங்கற (PET) பிளாஸ்டிக், பெருசா தொந்தரவு இல்ல. 2, 4ன்னா பாலிஎத்திலீன், 5ன்னா பாலிபுரோப்பிலீன், இந்த மூணுல எது இருந்தாலும் கம் விஷயத்துல உஷாரா இருக்கணும், பிரஸ்காரங்க கிட்ட முதல் வரியிலயே சொல்லிருங்க. நம்பரே இல்லைன்னா சுத்தமா துடைச்சுட்டு ஒரு சொட்டு தண்ணி விட்டுப் பாருங்க, பரவி உக்காந்தா நல்லது, உருண்டு முத்து மாதிரி நின்னா கஷ்டம். பவுடர் கோட்டிங் பண்ண சாமான், சொரசொரப்பான அட்டை, எண்ணெய்ப் பிசுக்கு இருக்கற டப்பா இதெல்லாமும் தகராறு பிடிச்ச கேஸ் தான்.

கம்முல ரெண்டு பெரிய குடும்பம் இருக்கு. அக்ரிலிக் மெதுவா பிடிக்கும், ஆனா வெயில், சூடு, வருஷக்கணக்கு எல்லாத்தையும் தாங்கும். ரப்பர் பேஸ் ஹாட்மெல்ட் தொட்ட உடனே பிடிச்சுக்கும், அட்டைப்பெட்டிக்கும் பாலிஎத்திலீனுக்கும் நல்லா வரும், ஆனா ரொம்ப சூட்டுல இளகிரும், வெயில்ல நாளாக நாளாக மஞ்சளாகி காஞ்சு போகும். வெளிய நிக்கற சாமானுக்கு ஹாட்மெல்ட் போட்டுட்டு ஆறு மாசம் கழிச்சு திட்டக் கூடாது.

கம்மோட பலத்தையும் ஒரே வார்த்தையில கேக்க முடியாது. டேக்னா தொட்ட உடனே எவ்ளோ பிடிக்குதுன்னு. பீல்னா ஒட்டினப்புறம் உரிக்க எவ்ளோ இழுக்கணும்ங்கறது, அதை 25 மில்லிமீட்டர் அகலத்துக்கு இத்தனை நியூட்டன்னு குடுப்பாங்க. ஷியர்னா ஒட்டின இடத்துலேர்ந்து வழுக்காம நிக்கற சக்தி. விரலால தொட்டுப் பாத்துட்டு "கம் வீக்கா இருக்கே"ன்னு சொல்றவங்க டேக்கை மட்டும் தான் பாக்கறாங்க, அக்ரிலிக் முழு பிடிப்புக்கு வர சாதாரணமா 24 மணி நேரம் ஆகும். அதனால டெஸ்ட் பண்றப்போ ஒட்டின கையோட உரிக்காதீங்க, மறுநாள் உரிச்சுப் பாருங்க. ரிமூவபிள் கம்முக்கும் இதே கதை தான், மொத நாள் அழகா உரிஞ்சு வர்றது சில மாசம் வெயில்ல இருந்தா கறை விட்டுட்டு தான் வரும்.

கம்மோட டேட்டாஷீட்ல ரெண்டு டெம்பரேச்சர் போட்டிருக்கும், இங்க தான் நிறைய பேரு சறுக்கறாங்க. ஒண்ணு ஒட்டும்போது இருக்க வேண்டிய குறைஞ்சபட்ச டெம்பரேச்சர், இன்னொண்ணு ஒட்டினப்புறம் தாங்கற ரேஞ்ச். "மைனஸ் 20 வரைக்கும் தாங்கும்"னு போட்டிருந்தா, மைனஸ் 20ல இருக்கற பாக்கெட் மேல ஒட்டலாம்னு அர்த்தம் கிடையாது, ரூம் டெம்பரேச்சர்ல ஒட்டி ஒரு நாள் விட்டு அப்புறம் ஃப்ரீசர்ல வைக்கலாம்னு தான் அர்த்தம். ஏற்கனவே உறைஞ்ச பொருள் மேல ஒட்டணும்னா ஃப்ரீசர் கிரேடு கம்னு தனியா கேக்கணும், அப்பவும் மேல பனி, ஈரம் இருந்தா எந்த கம்மும் ஒட்டாது.

ஃபேஸுக்கு வருவோம். பேப்பர்ல குரோமோங்கற செமி கிளாஸ் தான் சர்வ சாதாரணம், அதைவிட கண்ணாடி மாதிரி பளபளன்னு வேணும்னா மிரர் கோட். காஞ்ச இடத்துல இருக்கற பெட்டிக்கு பேப்பர் போதும், தண்ணி, எண்ணெய், ஃப்ரிட்ஜ்னு வந்துட்டா பிளாஸ்டிக் ஃபிலிமுக்குப் போயிருங்க. பிபி விறைப்பா அழகா நிக்கும், அழுத்திப் பிதுக்கற பாட்டிலுக்கு மட்டும் அதைப் போடாதீங்க, பாட்டில் நெளியும் லேபிள் நெளியாது, சுருக்கம் விழுந்துரும், அங்க பாலிஎத்திலீன் ஃபிலிம் தான் சரி. பெட் ஃபிலிம் மெஷின் நேம் பிளேட் மாதிரி சூடு, கெமிக்கல் படற இடத்துக்கு. பேப்பரை ஜிஎஸ்எம்ல சொல்லுவாங்க, அது ஒரு சதுர மீட்டரோட எடை, தடிமன் கிடையாது. ஃபிலிமை மைக்ரான்ல சொல்லுவாங்க, அது தான் தடிமன். சின்ன குப்பி, பேனா மாதிரி வளைவு ஜாஸ்தியான இடத்துல விறைப்பான லேபிள் ஓரத்துல தூக்கிக்கும், இதை ஃபிளாகிங்னு சொல்றது. அங்க கம்மை மட்டும் ஸ்ட்ராங்கா மாத்தினா தீராது, மெல்லிசான வளையற ஃபேஸும் வேணும். டிரான்ஸ்பரன்ட் ஃபிலிம்ல அடிக்கறதா இருந்தா கலருக்கு அடியில வெள்ளை இங்க் தனியா வேணும்னு சொல்லிருங்க, இல்லைன்னா உங்க லோகோ பாட்டில் கலர்ல கரைஞ்சுரும்.

நீங்களே பார்கோடு பிரிண்டர்ல அடிக்கறதா இருந்தா டைரக்ட் தெர்மல், தெர்மல் டிரான்ஸ்ஃபர் ரெண்டையும் குழப்பிக்காதீங்க. முதல்ல சொன்னதுல சூடு பட்டு லேபிளே கறுக்கும், ரெண்டாவதுல ரிப்பன்ல இருக்கற இங்க் சூட்டுல உருகி லேபிள்ல ஒட்டும். கையில இருக்கற வெறும் லேபிளை நகத்தால வேகமா ஒரு கீறு கீறுங்க, கறுப்புக் கோடு விழுந்தா டைரக்ட் தெர்மல், ரிப்பன் தேவையில்ல, ஆனா வெயில், சூடு பட்டா எழுத்து மங்கும் இல்ல முழுசாவே கறுத்துரும். கூரியர் லேபிளுக்கு ஓகே, கோடவுன்ல வருஷக்கணக்கா இருக்கற சாமானுக்கு வேண்டாம். கோடு விழலைன்னா டிரான்ஸ்ஃபர், ரிப்பன் வேணும். பேப்பருக்கு வாக்ஸ் ரிப்பன், கோட்டட் பேப்பருக்கும் பிபிக்கும் வாக்ஸ் ரெசின், பெட்டுக்கு ரெசின். ரிப்பன் லேபிளை விட கொஞ்சம் அகலமா இருக்கணும், அப்போ தான் பிரிண்ட் ஹெட் லைனர்ல நேரா உரசித் தேயாது. ரிப்பன்ல இங்க் வெளிப்பக்கமா உள்பக்கமான்னு டவுட் வந்தா ஒரு லேபிளோட கம் பக்கத்தை ரிப்பனோட வெளிப்பக்கத்துல ஒட்டி எடுங்க, கறுப்பு ஒட்டிக்கிட்டு வந்தா இங்க் வெளிப்பக்கம்.

பார்கோடு பத்தி ஒரு சின்ன கணக்கு, ஏன்னா ஸ்கேன் ஆகலைன்னா லேபிளே வேஸ்ட். கடையில சாமான் மேல பாக்கற 13 நம்பர் பார்கோடு, அதான் இஎஎன் 13, அதுல மெல்லிசான கோடு நார்மலா 0.33 மில்லிமீட்டர், 80 சதவீதம் வரைக்கும் சின்னதாக்கலாம், அதாவது 0.264. 203 டிபிஐ, அதாவது ஒரு இன்ச்சுக்கு 203 புள்ளி வைக்கற பிரிண்டர்ல ஒரு புள்ளி 0.125 மில்லிமீட்டர், பாதி புள்ளியெல்லாம் அதால வைக்க முடியாது, ரெண்டு புள்ளின்னா 0.25, அது லிமிட்டுக்குக் கீழ, மூணுன்னா 0.375, அப்போ பார்கோடு நார்மல் சைஸை விட பெருசாயிரும். 300 டிபிஐல நாலு புள்ளி 0.34 கிட்ட வரும், கச்சிதம். சின்ன லேபிள்ல இடம் இல்லைன்னு கோரல்லயோ வேர்டுலயோ பார்கோடை இழுத்துச் சுருக்கறவங்க கவனிக்க வேண்டிய இடம் இது. ரெண்டு பக்கமும் வெள்ளை இடத்தைச் சேத்தா நார்மல் சைஸ் 37.29 மில்லிமீட்டர் அகலம், அந்த வெள்ளையை வெட்டிட்டு அங்க பார்டர் போடாதீங்க.

ரோல் விஷயம் சீக்கிரமா சொல்லிடறேன். அப்னா அகலவாக்குல எத்தனை லேபிள் பக்கத்துல பக்கத்துல இருக்குன்னு. கேப்னா ரெண்டு லேபிளுக்கு நடுவுல இருக்கற இடைவெளி, பெரும்பாலும் 3 மில்லிமீட்டர், பிரிண்டர் சென்சார் அதை வச்சு தான் லேபிள் எங்க முடியுதுன்னு கண்டுபிடிக்குது. கோர் நடுவுல இருக்கற அட்டைக் குழாய், அதோட உள் விட்டம் டெஸ்க்டாப் பிரிண்டருக்கு 25 மில்லிமீட்டர், பெரிய மெஷினுக்கு 76. மெஷின்ல ஒட்டறதா இருந்தா வைண்டிங் டைரக்ஷன் கட்டாயம் சொல்லணும், எழுத்தோட தலை முதல்ல வெளிய வருமா, கால் வருமா, பிரிண்ட் ரோலுக்கு வெளிப்பக்கமா உள்பக்கமான்னு. ரோல்ல எவ்ளோ இருக்குன்னு கணக்கு போட, ரோல் விட்டத்தோட ஸ்கொயர்ல கோர் வெளி விட்டத்தோட ஸ்கொயரைக் கழிச்சு, 0.785ஆல பெருக்கி, லைனர் உட்பட மொத்த தடிமனால வகுத்துருங்க. ரோல் 200, கோர் 84, தடிமன் 0.15 மில்லிமீட்டர்னா சுமாரா 172 மீட்டர், 50 மில்லிமீட்டர் லேபிளும் 3 கேப்பும்னா 3,200க்குக் கொஞ்சம் மேல வரும்.

சாம்பிள் வந்ததும் கலரை மட்டும் பாத்துட்டு ஓகே சொல்லாதீங்க. ஒரு லேபிளை உரிச்சுட்டு, வெறும் லைனர் மேல மார்க்கர் பேனாவால தடவுங்க. நல்ல சிலிகான் மேல இங்க் நிக்காம ஒதுங்கும், டை ஆழமா இறங்கியிருந்தா லேபிளோட அவுட்லைன்ல இங்க் ஊறி கோடு பளிச்சுன்னு தெரியும். அந்தக் கோடு இருக்கற ரோல் ஆட்டோமேட்டிக் மெஷின்ல ஓடும்போது அங்கயே கிழியும், அதனால கோடு தெரிஞ்சா டை அட்ஜஸ்ட் பண்ணச் சொல்லிட்டு இன்னொரு சாம்பிள் கேளுங்க, முழு குவான்டிட்டியும் ஓட்டறதுக்கு முன்னாடியே.