பழைய இதழ் சேகரிக்க ஆரம்பிப்பவர்களுக்கு

முதல் வேலை, எதைச் சேர்ப்பது என்று முடிவு செய்வது. கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கினால் ஒரே வருடத்தில் பரண் நிறைந்துவிடும், கையில் ஒழுங்காக ஒன்றும் இருக்காது. நம் காவிரிப் பக்கமே போதுமான அளவு விஷயம் இருக்கிறது: கும்பகோணத்தில் எழுத்தாளர் எம்.வி. வெங்கட்ராம் நடத்திய 'தேனீ', திருச்சியில் வந்த 'கலாமோகினி', சிறுகதை எழுத்தாளர் கு.ப.ரா. (கு.ப. ராஜகோபாலன்) கடைசிக் காலத்தில் ஆசிரியராக இருந்த துறையூர் 'கிராம ஊழியன்'. இவை கிடைப்பது கஷ்டம். அதனால் தீபாவளி மலர்களில் தொடங்குங்கள், அவை இன்னும் அகப்படுகின்றன.

அடுத்தது தேடல். பழைய பேப்பர் கடைக்காரரிடம் சொல்லி வையுங்கள். மார்கழி கடைசியில், போகிக்கு முன்னால், வீட்டைக் காலி செய்கிறவர்களிடம் கேளுங்கள். அன்று எரிந்து போனது திரும்ப வராது.

வாங்கும்போது அட்டை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அந்தக் காலத்தில் தொடர்கதையை மட்டும் கிழித்தெடுத்து பைண்டு செய்து வைப்பார்கள், படிக்க அது அருமை, ஆனால் அட்டையும் விளம்பரமும் தலையங்கமும் போயிருக்கும், அந்த இதழ் எந்தக் காலத்தில் எப்படி வாழ்ந்தது என்பதே அவற்றில்தான் இருக்கிறது. என்னைக் கேட்டால், கொஞ்சம் கிழிந்திருந்தாலும் முழு இதழே மேல். தேதிப் பக்கம் இல்லையென்றால் விலையைப் பாருங்கள்: அணாவில் மட்டும் போட்டிருந்தால் பெரும்பாலும் 1957க்கு முந்தையது, அந்த ஏப்ரலில்தான் நயா பைசா வந்தது.

சரி, வீட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று. நேராக அலமாரியில் வைக்காதீர்கள், மற்றவற்றுக்கும் பூச்சி பரவும். நிழலில் விரித்து, மெல்லிய பிரஷ்ஷால் தூசு தட்டி, துருப்பிடித்த பின்களை மெதுவாகக் கழற்றுங்கள். செல்லோ டேப் ஒட்டவே கூடாது, சில வருடங்களில் அந்தப் பசை எழுத்தையே மஞ்சளாக்கிவிடும். லேமினேஷனும் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் ஊர்ச் சுவர் ஓதமேறும்; அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள், இதழ்களைப் படுக்கை வசமாக அடுக்குங்கள். காகிதத்தை அரிக்கும் இராமபாணப் பூச்சிக்கு, வசம்பைப் பொடித்துத் துணியில் முடிந்து தட்டுக்குத் தட்டு வையுங்கள். தஞ்சை சரஸ்வதி மகாலில் சுவடிகளுக்கு வைக்கும் மருந்துப் பொட்டலத்திலும் வசம்பு உண்டு. வாசனை குறைந்தால் மாற்றிவிடுங்கள்.

அப்புறம் ஒரு நோட்டு. இதழின் பெயர், மலர் எண் (வால்யூம்), இதழ் எண், மாதம், எந்தப் பக்கம் இல்லை என்பது வரை எழுதுங்கள்; இதழின் மேல் பேனாவால் எதுவும் எழுத வேண்டாம். இரண்டு பிரதி சேர்ந்தால் ஒன்றை மாற்றாகக் கொடுத்து, உங்களிடம் இல்லாததை வாங்குங்கள். நொறுங்கும் நிலையில் இருப்பதை முதலில் மொபைலில் படமெடுங்கள், விளம்பரப் பக்கங்களையும் சேர்த்து.