புது பட்டிங் கிரீன் போட்டாச்சா? பாக்டீரியா பாட்டில் வாங்கும் முன் இதைப் படியுங்கள்

கோல்ஃப் மைதானத்தில் பந்தைக் குழிக்குள் தட்டிவிடும் குட்டைப் புல்தரைதான் பட்டிங் கிரீன். அதைக் கட்டி விதை தூவிய மறு வாரமே யாராவது ஒரு பாக்டீரியா பாட்டிலோடு வந்து நிற்பார். "இது வெறும் மணல் சார், உயிரே கிடையாது, இதை ஊற்றினால்தான் புல் பிடிக்கும்" என்பார். கேட்டால் நியாயமாகத்தான் படும். யூஎஸ்ஜிஏ (அமெரிக்க கோல்ஃப் சங்கம்) முறையில் கீழே 10 செ.மீ. சரளை, அதற்கு மேல் 30 செ.மீ. வேர்ப்படுகை, அந்தப் படுகையில் பெரும்பங்கு அளவு பார்த்துச் சலித்த மணல், கொஞ்சம் பீட் எனும் சதுப்புநில மக்கு. வயல் மண் வாசனையே அதில் இருக்காது.

ஆனால் அமெரிக்காவின் வட கரோலினாவில் இப்படிப் புதிதாகப் போட்ட மணல் படுகைகளை ஆராய்ந்தபோது, நட்ட ஆறு மாதத்துக்குள் ஒரு கிராமுக்கு 10 கோடிக்கும் மேல் பாக்டீரியா இருந்தது. விதையோடும் பீட்டோடும் பாசன நீரோடும் தூசியோடும் கொஞ்சம் வரும், வேர் இறங்கியதும் அது கசியவிடும் சர்க்கரையைத் தின்று தானாகப் பெருகும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: மேல் 10 செ.மீ. மட்டும் எடுத்தாலே சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ மணல், அதாவது 15 லட்சம் கோடி பாக்டீரியா. மில்லிக்கு 10 கோடி என்று லேபிள் ஒட்டிய ஒரு லிட்டர் பாட்டிலை 500 சதுர மீட்டர் கிரீனில் தெளித்தால் சதுர மீட்டருக்கு 20 கோடி. கடலில் பெருங்காயம் கரைத்த கதைதான்.

சரி, அப்போ நாம் செய்ய வேண்டியது என்ன? வேரை வளர்ப்பது. முதல் சில வாரங்களில் பாக்டீரியா குறைவு, மணலில் சத்தும் நிற்காது, அதனால் மட்கி மெதுவாகச் சத்து விடும் இயற்கை உரத்தை மட்டும் நம்பினால் புல் வெளிறிப்போகும். கரையும் நைட்ரஜனைச் சிறுகச் சிறுகக் கொடுங்கள். வாரத்துக்குச் சதுர மீட்டருக்கு 2.5 கிராம் நைட்ரஜன், அம்மோனியம் சல்பேட்டாகக் கொடுத்தால் சுமார் 12 கிராம். அதையும் இரண்டாகப் பிரித்துப் போட்டு உடனே தண்ணீர் விடுங்கள், இல்லாவிட்டால் இளம் இலை கருகும்.

அடுத்தது தண்ணீர், பெரும்பாலானோர் கோட்டை விடும் இடம் இதுதான், நானும் விட்டிருக்கிறேன். விதை முளைக்கும்வரை மேல்மண் காயாமல் அடிக்கடி லேசாக விடத்தான் வேண்டும், முளைத்து வேர் பிடித்த பிறகும் அதே பழக்கத்தில் தினமும் ஓட்டினால் மணலின் துளைகளில் காற்றுக்கு இடமே இருக்காது. ஒரு கிரீனின் தாழ்ந்த மூலையில் புல் மஞ்சளடித்தது, நான் உரம் போதவில்லை என்று நினைத்து இன்னும் போட்டேன். ஒரு வாரம் கழித்துக் கப் கட்டரால் (பந்து விழும் குழி வெட்டும் கருவி) ஒரு துண்டு மண் எடுத்தால் 5 செ.மீ. ஆழத்தில் கரிக்கோடு போல ஒரு பட்டை, மூக்கருகே கொண்டுபோனால் அழுகிய முட்டை நாற்றம். காற்றில்லாத இடத்தில் சல்பேட்டைச் சுவாசிக்கும் பாக்டீரியா ஹைட்ரஜன் சல்பைடு விடும், அது இரும்போடு சேர்ந்து கறுப்பாகப் படியும். நான் போட்டதோ அம்மோனியம் சல்பேட்! எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றியிருக்கிறேன். அப்படிக் கறுப்புப் பட்டை தென்பட்டால் தண்ணீரைக் குறையுங்கள், வடிகால் குழாய் ஓடுகிறதா என்று பாருங்கள், டைன் (கம்பி முள்) குத்தித் துளையிடுங்கள், கந்தகம் கலந்த உரத்தை நிறுத்திவையுங்கள்.

அதனால் பதினைந்து நாளுக்கு ஒரு முறை துண்டெடுத்துப் பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள். மெல்ல உதறினால் வெள்ளை வேரைச் சுற்றி மணல் துகள்கள் உறை போட்டது போல ஒட்டிக்கொண்டு வரவேண்டும். வேரும் அதைச் சுற்றியுள்ள நுண்ணுயிர்களும் விடும் பிசின்தான் அந்த ஒட்டு. மணல் மொத்தமும் பொலபொலவென்று உதிர்ந்துவிட்டால் இன்னும் நாள் பிடிக்கும். லேபுக்கு அனுப்பிப் பாக்டீரியா எண்ணுவதெல்லாம் எனக்கு வீண் செலவாகத்தான் படுகிறது, எண்ணிக்கை தெரிந்து நாம் மாற்றப்போவது ஒன்றுமில்லை.

டிஃப்ஈகிள் மாதிரி பெர்முடா ரகமென்றால், அதாவது பிள்ளையாருக்கு வைக்கும் அருகம்புல்லின் கலப்பின வாரிசு, இவ்வளவு போதும். பென்ட்கிராஸ் என்ற குளிர்ப்பிரதேசப் புல் போட்டவர்களுக்கு இன்னொரு தலைவலி உண்டு. முதல் ஓரிரு வருடங்களில் வட்ட வட்டமாகச் செம்பழுப்பில் புல் சாகும் டேக்-ஆல் என்ற வேர்நோய் புது மணலில்தான் கொட்டமடிக்கும், படுகைக்கு மருந்துப் புகை போட்டிருந்தால் இன்னும் மோசம், ஏனென்றால் அந்தப் பூஞ்சையோடு மல்லுக்கட்டும் சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் அங்கே இன்னும் நிலைபெற்றிருக்கமாட்டா. சில வருடங்களில் அவை பெருகி நோய் தானாக அடங்கும். அதுவரை மாங்கனீசு குறையாமல் பாருங்கள், நைட்ரஜனை அம்மோனியம் வடிவில் கொடுங்கள் (மேலே சொன்ன கறுப்புப் பட்டை இல்லாத இடத்தில் மட்டும்), வட்டம் தெரியும் முன்பே பூஞ்சைக்கொல்லி அடியுங்கள். அந்த வட்டத்தில் சுண்ணாம்பு போடச் சொல்லி யாராவது வந்தால், தயவுசெய்து போடாதீர்கள், கார மண்ணில்தான் அந்தப் பூஞ்சைக்குக் கொண்டாட்டம்.