கிட்டார் பளபளப்பில் விழுந்த மெல்லிய கீறல்களைப் போக்க

பெல்ட் பக்கிள் உரசி உரசி கிட்டாரின் பின்பக்கம் கீறல் விழுந்திருக்கிறதா? முதலில் அதன் குறுக்கே விரல் நகத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நகம் தடுக்கினால் கீறல் ஆழம், பழுது பார்ப்பவரிடம் கொடுப்பதுதான் நல்லது. வழுக்கிக்கொண்டு போனால் வீட்டிலேயே சரிசெய்துவிடலாம்.

லேசாக ஈரமாக்கிய மைக்ரோஃபைபர் துணியால் தூசியை முழுசாகத் துடைத்தெடுங்கள், இதை மட்டும் அவசரத்தில் விட்டுவிடாதீர்கள், ஏனென்றால் தேய்க்கும்போது அந்தத் தூசியே உப்புத்தாள் மாதிரி புதுக் கீறல்களைப் போட்டுவிடும். அப்புறம் கார் பெயின்டுக்கு விற்கிற, மெல்லிய கீறல்களைப் போக்கும் பாலிஷான ஸ்வர்ல் ரிமூவரைப் பட்டாணி அளவு சுத்தமான துணியில் எடுத்து, அழுத்தாமல் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்து, வேறு துணியால் துடைத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் கிட்டாரைச் சாய்த்துப் பாருங்கள். கோடு இன்னும் தெரிந்தால் மறுபடி ஒருமுறை. சிலிகான் கலக்காததாகப் பார்த்து வாங்குங்கள், சிலிகான் பட்ட இடத்தில் பின்னாளில் புதுப் பூச்சு அடித்தால் குழி குழியாக நிற்கும்.

டூத்பேஸ்ட் வேண்டவே வேண்டாம்.

பழைய கிட்டார்களில் இருக்கும் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு மெல்லியது, அதில் கை இன்னும் லேசாக இருக்கட்டும். பளபளப்பில்லாத மேட் ஃபினிஷ் என்றால் தொடாதீர்கள், தேய்த்த இடம் மட்டும் திட்டாகப் பளபளக்கும், அதை மறைப்பது கஷ்டம்.