ரஞ்சித் படங்களுக்கு ரேங்க் போடும்போது செய்யக்கூடாதவை

பெங்களூரில் அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கம் நாலு பேர் சினிமா பேச உட்கார்ந்தால், பா. ரஞ்சித்தின் சிறந்த படம் எது என்ற சண்டை எப்படியும் வந்துவிடும். சண்டை நல்லதுதான். ஆனால் பாதி நேரம் படத்தை விட்டுவிட்டு வேறு எதற்கோ மார்க் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

முதலில் கணக்கு. ‘பரியேறும் பெருமாள்’ அவர் படம் இல்லை. அவருடைய நீலம் நிறுவனம் தயாரித்தது, இயக்கியது மாரி செல்வராஜ். ‘அட்டகத்தி’ (2012) தொடங்கி ‘தங்கலான்’ (2024) வரை ரஞ்சித் இயக்கிய முழுநீளப் படங்கள் ஏழு. அதற்குள் அடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, கருத்துக்கு மார்க் போடுவது. ஆணவக்கொலையைப் பேசுகிறது என்பதற்காக ‘நட்சத்திரம் நகர்கிறது’ தானாக மேலே ஏறாது. அரசியல் பிடிக்கவில்லை என்று கடைசியில் தள்ளுவதும் நியாயமில்லை. அந்தக் கருத்து படத்துக்குள் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். ‘மெட்ராஸ்’ படத்தில் ஹவுசிங் போர்டில் ஒரு சுவர். அதில் யார் படம் இருப்பது என்ற போட்டியில் உயிர்கள் போகின்றன. அதிகாரம் என்றால் என்ன என்பதை அந்தச் சுவரே சொல்லிவிடுகிறது. ‘சார்பட்டா பரம்பரை’யில் ரிங்குக்குள் குத்துச்சண்டை நடக்கும்போதே ஆட்சி கலைந்து, குத்துச்சண்டை சொல்லிக்கொடுக்கும் ரங்கன் வாத்தியாரைப் பிடிக்கப் போலீஸ் வந்து நிற்கிறது. எமர்ஜென்சி பற்றித் தனியாக ஒரு பாடம் எடுக்கவில்லை, ஆட்டத்தோடு ஆட்டமாக வந்துவிட்டது. என் பட்டியலில் இந்த இரண்டும்தான் முதலில் (எது ஒன்று, எது இரண்டு என்பது அன்றைய மனநிலையைப் பொறுத்தது).

பெங்களூர்த் தமிழர்களுக்கென்றே ஒரு தவறு இருக்கிறது. கோலார் தங்கவயலிலிருந்து மாரிக்குப்பம் ரயிலில் தினமும் வேலைக்கு வந்து போகிறவர்களுக்கும், அங்கே ராபர்ட்சன்பேட்டையில் பிறந்து இங்கே குடியேறியவர்களுக்கும், கோலாரில் தங்கம் தேடிப் போனவர்களின் கதையான ‘தங்கலான்’ வீட்டு விஷயம். “எங்க தாத்தா இறங்கின சுரங்கம் எங்கே? சாம்பியன் ரீஃப் எங்கே?” என்று அங்கிருந்த சுரங்கங்களைக் கேட்டுவிட்டுக் கோபத்தில் ஏழாவது இடம் கொடுக்கிறார்கள். கோபம் புரிகிறது. ஆனால் சுரங்கத்தை நடத்திய ஆங்கிலேயரின் ஜான் டெய்லர் கம்பெனி கோலாருக்கு வந்தது 1880இல், சுரங்கத்தை மூடியது 2001இல். படம் நடப்பதோ 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், அதுவும் பாதி மாயக்கதை. (நம்ம லவெல் ரோடு இருக்கிறதே, அந்த லவெல்கூட 1870களில்தான் அங்கே தங்கம் தோண்ட உரிமம் வாங்கினார்.) இல்லாததைத் தேடாமல் இருப்பதைப் பாருங்கள். தங்கலான் ஊர் திரும்பும்போது பெண்களுக்கு ரவிக்கை கொண்டுவருகிறான். அதைப் போட்டுப் பார்க்கும்போது அவர்களிடம் தெரிகிற வெட்கம், சிரிப்பு, கொண்டாட்டம்! கூலிக்குப் போனவனுக்கு என்ன கிடைத்தது என்பதற்கு அதைவிடப் பெரிய வசனம் வேண்டாம். அதற்காக, தங்கத்தைக் காக்கும் மாயப்பெண் ஆரத்தி திரும்பத் திரும்ப வந்து குழப்பும் இரண்டாம் பாதியை மன்னிக்கச் சொல்லவில்லை. நான் நாலாவது இடம் கொடுக்கிறேன்.

‘காலா’வுக்கு வேறொரு சிக்கல். 2018இல் காவிரி தொடர்பான எதிர்ப்பால் ரிலீஸ் அன்று இங்கே பல தியேட்டர்களில் ஷோ நடக்கவில்லை. அந்த ஆத்திரத்தோடு பார்த்தவர்கள் கூடுதலாக மார்க் போடுகிறார்கள். சூடு ஆறிய பிறகு பார்த்தவர்கள் குறைக்கிறார்கள். எந்த நிலைமையில் பார்த்தோம் என்பது படத்தின் தரம் ஆகாது. இன்னொருமுறை பார்த்துவிட்டுப் போடுங்கள். வசூலை வைத்துப் பேசுவதும் அப்படித்தான், ‘சார்பட்டா’ 2021இல் நேராக ஓடிடிக்கு வந்த படம்.

கடைசியாக, ‘அட்டகத்தி’யை “சும்மா காமெடி” என்று ஓரங்கட்டாதீர்கள். காதல் தோற்ற பிறகும் சோகம் ஒட்டாத அந்தப் பையனும், பஸ் படிக்கட்டில் தொங்கும் அவன் கூட்டமும், அவன் வீட்டுச் சாப்பாடும் அதுவரை தமிழ் சினிமா இவ்வளவு இயல்பாகக் காட்டாத வாழ்க்கை. எனக்கு மூன்றாவது அதுதான். ‘கபாலி’ ஏழாவது. ரஜினி ரசிகர்கள் தாராளமாகத் திட்டலாம்.